தங்கச்சி பொலிட்டிக்கல் சயின்ஸ்தான் படிப்பேங்கறா, சேர்த்தலாமுங்களா?

பனியன்_கம்பெனி

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊரு தாராபுரம் பக்கம். நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசரா இருக்கேன். தங்கச்சி இந்த வருசம் ப்ளஸ் டூ முடிச்சா, 600க்கு 487. அரசுப் பள்ளிக்கூடம், ஒண்ணாப்புல இருந்து தமிழ் மீடியம். குரூப்பு வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல்.

வீட்ல எல்லாரும் பி.காம். போடச் சொல்றோம். அவ பி.ஏ. பொலிட்டிக்கல் சயின்ஸ்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அப்பா, "அரசியல் படிச்சுப்போட்டு எந்தக் கட்சியில சேரப்போறே?"ன்னு கேட்டுட்டு ரெண்டு நாளா பேச்சு வார்த்தை இல்ல. எனக்கும் இந்தப் படிப்பைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. கம்பெனியில கேட்டா எவனுக்கும் தெரியல. படிச்சா என்ன வேலை கிடைக்கும், நம்ம பக்கம் எந்தக் காலேஜ்ல இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க. டீச்சர் ஆகணும்னும் அவளுக்கு ஒரு ஆசை உண்டு.

பேரேடு

பி.காம். போடுங்க ப்ரோ. கூடவே டேலி, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் ஃபைல் பண்ணக் கத்துக்கிட்டா திருப்பூர்லயே ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. அரசியல் எல்லாம் டீக்கடையில ஃப்ரீயா சொல்லித் தர்றாங்க.

மூணாவது_பெஞ்ச்

தம்பி, நான் பி.ஏ., எம்.ஏ. ரெண்டுமே இதே பாடம். இப்போ ஒரு அரசுக் கல்லூரியில கௌரவ விரிவுரையாளரா இதையே நடத்திக்கிட்டிருக்கேன். அதனால நான் சொல்றதுல பாசமும் கடுப்பும் சரிபாதி இருக்கும். பேரேடு சொன்னதுல தப்பில்ல, பி.காம்.க்கு உங்க ஊர்ல வேலை இருக்கு. ஆனா கணக்கே பிடிக்காத பிள்ளையைக் கொண்டுபோய் அங்க உட்கார வச்சா மூணு வருசமும் அரியர் கட்டிக்கிட்டுத்தான் இருப்பீங்க.

அப்பா கேட்ட கேள்வியை நானும் வருசா வருசம் அட்மிஷன் நேரத்துல கேட்கிறேன். கட்சிக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க யாரும் எங்க டிபார்ட்மெண்ட் பக்கம் வர்றதில்ல, அதுங்க இன்ஜினியரிங், எம்.பி.பி.எஸ்.னு போயிடும். எங்க கிளாஸ்ல உட்கார்றது கொத்தனார் பிள்ளை, மில் வேலைக்காரர் பிள்ளை, நூறு நாள் வேலைக்குப் போற அம்மாவோட பிள்ளை. இதை அப்பாகிட்ட அப்படியே சொல்லுங்க.

உள்ள என்ன படிக்கணும்? முதல்ல அரசியல் கோட்பாடு, இந்திய அரசமைப்பு. அப்புறம் மேலைநாட்டு அரசியல் சிந்தனை, பிளேட்டோல தொடங்கி ஹாப்ஸ், லாக், ரூசோ, மார்க்ஸ்னு போகும். இந்தியச் சிந்தனையில கௌடில்யர், காந்தி, அம்பேத்கர், பெரியார். பிரிட்டன், அமெரிக்கா, சுவிட்சர்லாந்து அரசமைப்பெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கிற பேப்பர் ஒண்ணு, சர்வதேச உறவுகள் ஒண்ணு, பொது நிர்வாகம், உள்ளாட்சி. கூடவே நாலு செமஸ்டருக்கு தமிழும் இங்கிலீஷும். பேப்பர் பேரு பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், சரக்கு இதுதான். ப்ளஸ் டூவுல படிச்ச பிள்ளைக்கு முதல் வருசம் பழகின பாதையாத்தான் இருக்கும். கோட்பாடு வர்றப்பதான் பாதிப் பேர் முழிப்பாங்க. இறையாண்மைன்னா என்னன்னு வரையறையை மனப்பாடம் பண்ணி எழுதிட்டு, அது யார்கிட்ட இருக்குன்னு கேட்டா மோட்டுவளையைப் பார்ப்பாங்க.

இந்தப் படிப்பு என்ன செய்யுதுன்னு சொல்ல, நான் முதல் வருசப் பிள்ளைங்களுக்கு நடத்துற ஒரு வழக்கைச் சொல்றேன். சம்பகம் துரைராஜன் வழக்கு, 1951. அப்போ சென்னை மாகாணத்துல வகுப்புவாரி அரசாணை இருந்துச்சு. மருத்துவம், இன்ஜினியரிங்ல ஒவ்வொரு 14 இடத்துக்கும் பங்கு பிரிச்சிருந்தாங்க: பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. அரசமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26 நடைமுறைக்கு வந்ததும் இது செல்லாதுன்னு, மெடிக்கல் படிக்க நினைச்ச சம்பகமும் இன்னொருத்தருமா ரெண்டு பேர் வழக்குப் போட்டாங்க. உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரல்ல அரசாணையை ரத்து பண்ணிச்சு. தமிழ்நாட்டுல பெரிய கொந்தளிப்பு. அதே ஜூன்ல முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்து, பின்தங்கினவங்களுக்கு அரசு சிறப்பு ஏற்பாடு செய்யலாம்கிற 15(4) பிரிவு சேர்ந்துச்சு. இன்னிக்கு உங்க தங்கச்சி கவுன்சிலிங்ல பி.சி.யோ எம்.பி.சி.யோ எஸ்.சி.யோ போடுற கட்டத்துக்கு வேர் அங்கதான் இருக்கு.

இவ்வளவும் கைடுல இருக்கும். நான் கைடை மூடச் சொல்லிட்டு தீர்ப்பையே ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துடுவேன். சில பக்கம்தான், இங்கிலீஷ். ரெண்டு ரெண்டு பேரா டிக்‌ஷனரி வச்சுக்கிட்டுத் தத்தித் தத்திப் படிப்பாங்க. ஒவ்வொரு பேட்ச்லயும் யாராவது ஒரு பிள்ளை எந்திரிச்சு, "மேம், இந்தம்மா மெடிக்கல் காலேஜுக்கு அப்ளிகேஷனே போடலையா?"ன்னு கேட்கும். ஆமா, போடலை. விசாரிச்சதுல இடம் கிடைக்காதுன்னு தெரிஞ்சு, விண்ணப்பிக்காமலேயே வழக்குக்கு வந்தவங்க அவங்க. தீர்ப்புலயே இது இருக்கு. இன்ஜினியரிங்குக்கு விண்ணப்பம் போட்டவர் இன்னொரு மனுதாரர் சீனிவாசன். உயர் நீதிமன்றத்துல அவருக்காக வாதாடினது அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர், அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவிலேயே இருந்தவர். இது தெரிஞ்ச உடனே கிளாஸ்ல சண்டை ஆரம்பிச்சுடும். விண்ணப்பிக்காதவங்க வழக்கை எப்படி எடுத்துக்கிட்டாங்க, சட்டத்தை எழுதினவரே அதை இப்படித்தான் படிச்சாரா, அப்போ அரசாணை தப்பா, இல்ல சட்டத்துலதான் ஓட்டையான்னு பெல் அடிச்சும் போகாம நிப்பாங்க. அந்த முக்கால் மணி நேரத்துக்காகத்தான் நான் இன்னும் இந்த வேலையில இருக்கேன். சம்பளத்துக்காகன்னு சொன்னா என் வீட்டுக்காரரே சிரிப்பார்.

ஒரு அரசாணையை, ஒரு மசோதாவை, ஒரு தீர்ப்பை யார் சொல்றதையும் கேட்காம தானே எடுத்துப் படிக்கிற பழக்கம். மூணு வருசத்துல இது வந்துட்டா பத்திரிகை, வக்கீல் தொழில், தொண்டு நிறுவனம், எம்.எல்.ஏ., எம்.பி. ஆபீஸ் வேலை, தேர்தல் சர்வே கம்பெனி, சிவில் சர்வீஸ்னு எங்க போனாலும் பிழைச்சுக்கலாம். வரலைன்னா கையில இருக்கிறது "எனி டிகிரி". அதுக்கு எதைப் படிச்சாலும் ஒண்ணுதான்.

இப்போ கடுப்பான பகுதி. டீச்சர் ஆசை இருக்குன்னு போறபோக்குல எழுதியிருக்கீங்க, அதுதான் இங்க முக்கியமான விஷயம். நம்ம மாநிலத்துல பி.ஏ. வரலாறு, புவியியல் படிச்சவங்க டிகிரி முடிச்ச கையோட பி.எட். சேரலாம். அரசியல் அறிவியல்ல அப்படி முடியாது. பொருளியல், வணிகவியல் மாதிரியே இதுக்கும் எம்.ஏ. முடிச்சாத்தான் பி.எட். ஆக மூணு, ரெண்டு, ரெண்டுன்னு ஏழு வருசம். அதுக்கப்புறமும் ஆறாவது முதல் பத்தாவது வரைக்கும் சமூக அறிவியல் எடுக்கிற பட்டதாரி ஆசிரியர் போஸ்ட் வரலாறு, புவியியல்காரங்களுக்குத்தான். உங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்துற முதுகலை ஆசிரியர் தேர்வுதான் வழி, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு அரசியல் அறிவியல் எடுக்கலாம். ஆனா இந்தப் பாடம் இருக்கிற பள்ளிக்கூடமே குறைச்சல், காலியிடத்தை விரல் விட்டு எண்ணிடலாம். இதைச் சேர்றதுக்கு முன்னாடி யாரும் சொல்ல மாட்டாங்க. மூணாம் வருசம் முடிச்சு பி.எட். அப்ளிகேஷன் தூக்கிக்கிட்டு வந்து எங்ககிட்ட அழுவாங்க. டீச்சர் வேலைதான் முதல் ஆசைன்னா கண்ணை மூடிக்கிட்டு பி.ஏ. வரலாறு போடுங்க. காலேஜ்ல பாடம் எடுக்கணும்னா நெட், செட்டுன்னு தகுதித் தேர்வு, பிஎச்.டி.ன்னு அது இன்னும் நீளமான ரோடு.

இன்னொண்ணு. "அரசியல் அறிவியல்"னு நேரா பேர் இருக்கிற பட்டமா பார்த்து எடுங்க. பொது நிர்வாகம், பன்னாட்டு உறவுகள்னு வேற பேர்ல இருந்தா அதுவும் அரசியல் அறிவியலும் ஒண்ணுதான்னு சொல்ற இணைத்தன்மை அரசாணை இருக்கான்னு பின்னாடி ஒவ்வொரு ஆபீஸா அலையணும்.

கறுப்புக்கோட்டு

மூணாவது பெஞ்ச் மேடம் வக்கீல் தொழில்னு ஒரு வார்த்தையில தாண்டிட்டாங்க. நான் பி.ஏ. பொலிட்டிக்கல் சயின்ஸ் முடிச்சு மூணு வருச எல்.எல்.பி. போனவன். மொத்தம் ஆறு வருசம். ப்ளஸ் டூ முடிச்சதுமே அஞ்சு வருச பி.ஏ., எல்.எல்.பி. சேர்ந்தா ஒரு வருசம் மிச்சம். அதுக்குள்ளயும் பொலிட்டிக்கல் சயின்ஸ் பேப்பர் வருது. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளுக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் ப்ளஸ் டூ மார்க் வச்சுத்தான் சீட் தருது, நுழைவுத் தேர்வு கிடையாது. திருச்சியில இருக்கிற தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குத்தான் கிளாட்னு ஒரு நுழைவுத் தேர்வு எழுதணும். 487 மார்க்குக்கு அப்ளிகேஷன் போட்டு வைக்கிறதுல நஷ்டம் ஒண்ணுமில்ல.

ஆனா ஒண்ணு. படிச்சு முடிச்சதும் சீனியர்கிட்ட ஜூனியரா இருக்கிற காலத்துல பெட்ரோல் காசுதான் மிஞ்சும். வீட்ல அதைத் தாங்குவீங்களான்னு இப்பவே யோசிச்சுக்குங்க.

தாலுகா_ஆபீஸ்

நான் பி.எஸ்ஸி. கணக்கு. குரூப் 4ல வந்து இப்போ இளநிலை உதவியாளர். "பொலிட்டிக்கல் சயின்ஸ் படிச்சா டி.என்.பி.எஸ்.சி. ஈஸி"ன்னு ஒரு பேச்சு ஓடுது, அதை நம்பி யாரும் சேராதீங்க. குரூப் 4ல 200 கேள்வியில 100 தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. அந்த 75க்குள்ள பாலிட்டி ஒரு ஓரத்துல இருக்கும். அதை ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் ஸ்கூல் புக்கு படிச்ச எவனும் போட்டுடுவான். தேர்வுக்குத் தகுதியே பத்தாவதுதான். ஜெயிக்கிறதும் தோக்கிறதும் தமிழ்லயும் கணக்குலயும். குரூப் 1 முதன்மைத் தேர்வு மாதிரி பக்கம் பக்கமா எழுதுற இடத்துல மேடம் சொல்ற அந்தப் பழக்கம் உதவும், ஒத்துக்கறேன்.

மூணாவது_பெஞ்ச்

தாலுகா ஆபீஸ் சொன்னது முழுக்க சரி. யு.பி.எஸ்.சி.யிலயும் அப்படித்தான். விருப்பப் பாடமா அரசியல் அறிவியல் மற்றும் பன்னாட்டு உறவுகள் எடுத்தா ரெண்டு தாள், 500 மதிப்பெண், பி.ஏ. படிச்சது நேரா கைகொடுக்கும். ஆனா இன்ஜினியரிங் படிச்சவங்களும் அதே பாடத்தை எடுத்து எழுதி ஜெயிக்கிறாங்க.

வக்கீல் தம்பி சொன்னதையும் தங்கச்சிகிட்ட காட்டுங்க. என் மாணவிகள்ல நல்லா வாதம் பண்ற பிள்ளைங்ககிட்ட நானே, "ஏம்மா, அஞ்சு வருசம் போட்டிருக்கலாமே?"ன்னு கேட்பேன். பல பேருக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரிஞ்சிருக்காது.

பனியன்_கம்பெனி

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. தங்கச்சியே இதை எல்லாம் படிச்சா. பி.எட். விசயம் அவளுக்கும் தெரியல, கொஞ்ச நேரம் மூஞ்சி சுருங்கிப் போச்சு. அப்புறம், "டீச்சர் ஆகாட்டிப் போகுது, அந்தத் தீர்ப்பை எங்க எடுக்கறதுன்னு அக்காகிட்டக் கேளு"ங்கறா. என்ன பண்றதுங்க.

அக்கா, இன்னும் ரெண்டு சந்தேகம். சீட் கிடைச்சா தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா? இங்கிலீஷ் அவளுக்குப் படிச்சாப் புரியும், பேச, எழுத வராது. அப்புறம், செலவு எவ்வளவுங்க ஆகும்?

மூணாவது_பெஞ்ச்

தீர்ப்பு உச்ச நீதிமன்ற இணையதளத்துலயே இருக்கு, வழக்குப் பேரும் 1951ம் போட்டுத் தேடினா வரும். காசு கட்ட வேண்டாம்.

மீடியம் விஷயத்துல நிதானமா முடிவெடுங்க, பின்னாடி மாத்த முடியாது. தமிழ்வழியில படிச்சவங்களுக்கு மாநில அரசு வேலையில 20 சதவீதம் முன்னுரிமை ஒதுக்கீடு, 2010ல கொண்டுவந்த சட்டம். 2020ல அதைத் திருத்தி, டிகிரி தகுதியுள்ள வேலைன்னா பள்ளிக்கூடத்துல இருந்து டிகிரி வரைக்கும் தமிழ்வழியா இருக்கணும்னு ஆக்கிட்டாங்க. டிகிரியை மட்டும் தமிழ்ல முடிச்சுட்டுச் சான்றிதழ் வாங்கின காலம் போச்சு. உங்க தங்கச்சி ஒண்ணாவதுல இருந்து தமிழ்வழி. இப்போ இங்கிலீஷ் மீடியம் பி.ஏ. சேர்ந்தா குரூப் 1, குரூப் 2 மாதிரி பட்டப்படிப்புத் தகுதி வேலைக்கு அந்த 20 சதவீதம் போயிடும். குரூப் 4க்கு மட்டும் பத்தாவதுச் சான்று போதும்.

எதிர்ப்பக்கமும் இருக்கு. நெட் தேர்வுல அரசியல் அறிவியல் வினாத்தாள் இங்கிலீஷ்லயும் இந்தியிலயும்தான் வரும். யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வைத் தமிழ்ல எழுதலாம், ஆனா கேள்வியை இங்கிலீஷ்ல படிச்சுப் புரிஞ்சுக்கணும். டெல்லி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்கள்ல எம்.ஏ. போகணும்னா சொல்லவே வேண்டாம். தமிழ்ல நல்ல பாடப்புத்தகமும் கம்மி. பாதி கைடு எந்த வருசத்து மொழிபெயர்ப்போ, படிச்சா மூலமே தேவலாம்னு தோணும்.

என்னைக் கேட்டா, மாநில அரசு வேலைதான் குறின்னா தமிழ்வழியிலேயே சேர்த்துட்டு இங்கிலீஷை வெளியில தனியா வளர்க்கச் சொல்வேன். தினமும் இங்கிலீஷ் பேப்பர்ல நடுப்பக்கக் கட்டுரை ஒண்ணைப் படிச்சு, அது என்ன சொல்லுதுன்னு தமிழ்ல அஞ்சு வரி எழுதட்டும். அரசமைப்பு நிர்ணய சபை விவாதங்கள் மொத்தமும் நெட்ல இலவசமா இருக்கு, வாரம் ஒரு பேச்சு. வெளி மாநிலம் போய் எம்.ஏ., பிஎச்.டி.ன்னு மனசுல இருந்தா இங்கிலீஷ் மீடியம்தான், முதல் வருசம் திணறினாலும் பரவாயில்ல. ரெண்டுல எதுன்னு அவதான் சொல்லணும், நீங்களோ அப்பாவோ இல்ல.

காலேஜ்: எல்லா ஊர் அரசுக் கல்லூரியிலும் இந்தப் பாடம் கிடையாது. உங்களுக்குப் பக்கம் கோவை அரசு கலைக் கல்லூரி. சென்னை போறதா இருந்தா மாநிலக் கல்லூரி, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி. அரசுக் கல்லூரிகளுக்கெல்லாம் சேர்த்து டி.என்.காசா இணையதளத்துல ஒரே விண்ணப்பம்தான். பாடம் தேர்வு செய்றப்போ தமிழ்வழி, ஆங்கிலவழின்னு தனித்தனியா காட்டும், அவசரத்துல மாத்திக் கிளிக் பண்ணிடாதீங்க. பிரவுசிங் சென்டர்ல கொடுத்துட்டு நீங்க டீ குடிக்கப் போனா அவங்க எதையாவது போட்டுடுவாங்க, பக்கத்துலயே நில்லுங்க.

செலவு: அரசுக் கல்லூரியில கல்விக் கட்டணம் கிடையாது. தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம்னு கொஞ்சம் வரும். ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளின்னா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் அவ வங்கிக் கணக்குக்கே வரும். ஆதார் இணைச்ச கணக்கு அவ பேர்லயே இருக்கணும், அப்பா பேர்ல இருக்கிறது ஆகாது. ஹாஸ்டல் வேணும்னா சேர்ந்த வாரமே பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதியோ ஆதிதிராவிடர் நலத்துறை விடுதியோ (இப்போ சமூக நீதி விடுதின்னு பேரு) எது பொருந்துமோ அதுக்கு எழுதிக் கொடுங்க, லேட்டானா இடம் இருக்காது.

பேரேடு

மேடம், ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன், நான் பி.காம். முடிச்சுட்டேன். தொலைநிலையில எம்.ஏ. பொலிட்டிக்கல் சயின்ஸ் போடலாமா?

மூணாவது_பெஞ்ச்

தாராளமா போடலாம், பெரும்பாலான இடத்துல எனி டிகிரிதான் கேட்பாங்க. யு.ஜி.சி. அங்கீகாரம் அந்த வருசத்துக்கு இருக்கான்னு மட்டும் பார்த்துட்டுப் பணம் கட்டுங்க. ஆனா பி.காம். மேல எம்.ஏ. பொலிட்டிக்கல் சயின்ஸை வச்சு முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம்னு கணக்குப் போட்டா, இளநிலையும் அதே பாடமான்னு கேட்பாங்க. சும்மா படிக்கிறதுக்குன்னா வாங்க.

பனியன்_கம்பெனி

அக்கா, தமிழ்வழிதானாம், கோவைதானாம், அவளே சொல்லிட்டா. அப்பாகிட்ட நான் பேசிக்கறேன், ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன். சட்டக் கல்லூரிக்கும் ஒரு அப்ளிகேஷன் போட்டு வைக்கச் சொல்லியிருக்கேனுங்க.